அம்பாசடரா, பத்மினியா? அறுபது வயது தாண்டியவருக்கு ஒரு பழைய கார்

ஏறி இறங்க அம்பாசடர்தான். சீட் உயரம், கதவு அகலம். முழங்கால் வலிக்காரர்கூட அதிகம் குனிய வேண்டாம். ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியை நின்ற இடத்தில் திருப்பிப் பாருங்கள், தோள்பட்டை பேசும். பத்மினி ஃபியட் 1100 வழி வந்தது, 1089 சிசி. சந்து பொந்தில் சொன்னபடி கேட்கும்.

உதிரிபாகத்திலும் அம்பாசடருக்கே சாதகம். 2014 வரை தயாரானதாயிற்றே. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் ஏதாவது கிடைக்கும். பத்மினிக்குக் கொஞ்சம் அலைய வேண்டும்.

ஒரிஜினல் வேண்டுமென்றால் கதை வேறு. பல அம்பாசடர்களில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் போட்டிருப்பார்கள். எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்மினியில் தரை விரிப்பைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். துருவை மறைத்துப் பூசிய பட்டி (putty) 'பொத்' என்று காட்டிக்கொடுத்துவிடும். மங்கியிருந்தாலும் கம்பெனி பெயின்ட் என்றால் தொடாதீர்கள். பளபளவென்று புதுசாக அடித்ததைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

50 வயது தாண்டிய, அதிகம் மாற்றாத வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். எண் பலகையில் 'விஏ' வரும். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும். காய்கறி வாங்கப் போகிறவர் அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

யார் கேட்டாலும் அம்பாசடரைத்தான் சொல்வேன். என் வாசலில் நிற்பதென்னவோ பத்மினி. மே மாத வெயிலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் சூடாகி வண்டி நின்றுவிடும் என்பதால், அதை ஈரத்துணியால் குளிரவைக்க டிக்கியில் ஒரு துணியும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும்.