"கேபின் சைஸ்" டபுள் ஸ்ட்ரோலர்னு சொல்லி 28,000 ஏமாத்திட்டாங்க, வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

சின்னக் குழந்தைங்க ரெண்டு பேரோட ஃப்ளைட்ல போகணும், அதுக்கு டபுள் ஸ்ட்ரோலர் (ரெண்டு குழந்தையை உக்கார வச்சுத் தள்ற வண்டி) தேடிட்டு இருக்கேன்னு சொல்றவங்க இதை முழுசா படிச்சிட்டு அப்புறம் பணம் கட்டுங்க. எனக்கு கோவம் இன்னும் அடங்கல, அதனால அங்கங்க எழுத்துப்பிழை இருந்தா விட்டுடுங்க. 28,000 போச்சு. அதுல கொஞ்சம்கூட திரும்பி வரல, வராதுன்னு நேத்து முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. எப்படிப் பாத்து வாங்கணும்னும் கடைசில எழுதறேன்.

கடை பேர் போடல. கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கோம், அது முடியற வரைக்கும் பேர் வெளிய சொல்ல வேணாம்னு வீட்டுக்காரர் சொல்றார். குழந்தைங்க சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, சோஷியல் மீடியால அழகழகா விளம்பரம் வரும், ஆர்டர் எல்லாம் சாட்லதான் எடுப்பாங்க. இந்த மாதிரி கடை நிறைய இருக்கு, அதுல ஒண்ணு.

பெரியவளுக்கு மூணு வயசு, சின்னவனுக்கு எட்டு மாசம். அவ நடப்பா, ஆனா ஏர்போர்ட்ல அவ்ளோ தூரம் நடக்க மாட்டா, பாதில உக்காந்துடுவா. இவனைத் தூக்கிட்டு அவளையும் தூக்க முடியாது. வீட்டுக்காரர் வேலை விஷயமா முன்னாடியே கிளம்பிட்டார், நான் தனியா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகணும். அதனால ஸ்ட்ரோலர் விஷயத்துல நான் சும்மா படத்தைப் பாத்து வாங்கல. முன்ன ஒரு சீட்டு பின்ன ஒரு சீட்டுன்னு வரிசையா வர்ற வண்டி, பக்கத்து பக்கத்துல ரெண்டு சீட்டு வர்ற வண்டி ரெண்டையும் பாத்தேன். வரிசையா வர்றது வாசல்ல ஈசியா நுழையும், ஆனா நீளம் ஜாஸ்தி, திருப்பறதும் படி ஏத்தறதும் கஷ்டம், பின்னாடி சீட்டுக் குழந்தைக்கு எதுவும் தெரியாது. பக்கத்து பக்கத்துல வர்றது லேசா இருக்கும், ரெண்டு பேரும் ஒண்ணா பாத்துட்டு வருவாங்க, ஆனா அகலம். பயணத்துக்கு ரெண்டாவதுதான் சரின்னு முடிவு பண்ணி, அகலமும் மடிச்ச சைஸும்தான் முக்கியம்னு அதையே கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்.

இவங்க போட்டிருந்த விவரம் இது. மடிச்சா 55 × 44 × 24 செ.மீ. வெயிட் 8.5 கிலோ. விரிச்சா அகலம் 74 செ.மீ. அஞ்சு பாயிண்ட் பெல்ட், அதாவது ரெண்டு தோள், இடுப்பு ரெண்டு பக்கம், கால் நடுவுலன்னு அஞ்சு இடத்துல பிடிக்கறது. குழந்தை வண்டிக்கான ஐரோப்பிய பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் இஎன் 1888. "கேபின் சைஸ், ஓவர்ஹெட் பின்ல வைக்கலாம்"னு பெரிய எழுத்துல, அதாவது ஃப்ளைட் உள்ள சீட்டுக்கு மேல பை வைக்கற இடத்துலயே வைக்கலாமாம். ஏர்லைன்ஸ்களோட உலக சங்கமான ஐயாட்டா கேபின் பைக்குப் பொதுவா சொல்ற அளவு 56 × 45 × 25, அதுக்குள்ள அப்படியே பொருந்தற மாதிரி நம்பர் போட்டிருக்காங்க பாருங்க. சும்மா வாய்க்கு வந்த நம்பர் இல்ல அது, தெரிஞ்சே போட்டது.

எனக்கு சந்தேகம் வரத்தான் செஞ்சுது. ரெண்டு சீட்டு இருக்கற வண்டி எப்படி இவ்ளோ சின்னதா மடங்கும்னு நேராவே கேட்டேன். சாட்ல பேசின பொண்ணு உடனே வாய்ஸ் நோட் அனுப்பிச்சுது. "சிஸ்டர், எனக்கும் ரெண்டு குழந்தைங்க, ஒண்ணேகால் வயசுதான் வித்தியாசம், போன மாசம் நான் தனியாதான் ஃப்ளைட்ல போனேன், இதே வண்டிதான், ஒரு கையால மடிச்சு மேல வச்சுட்டேன், நீங்க பயப்படாதீங்க"ன்னு. பின்னாடி ஒரு குழந்தை சிணுங்கற சத்தம்கூட கேட்டுச்சு. அதுக்கு அப்புறம் ஒரு வீடியோ, ஒருத்தர் ஒரு கையால சட்டுனு மடிச்சுத் தோள்ல மாட்டறாங்க. நானும் ரெண்டு குழந்தை வச்சிருக்கற அம்மா, அந்தப் பொண்ணும் அம்மா, இதுல என்ன பொய் சொல்லப் போகுதுன்னுதான் யாருக்கும் தோணும். என் பொண்ணு பேரைக் கேட்டுது, "பாப்பாக்கு எந்தக் கலர் பிடிக்கும்"னு கேட்டுது. இப்ப அந்த வாய்ஸ் நோட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டா வயிறு எரியுது. அந்த வீடியோ வேற ஒரு பெரிய கம்பெனியோட ஒத்தை சீட்டு வண்டி விளம்பரத்துல இருந்து வெட்டி எடுத்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

பணம் கட்டற நேரத்துல கார்டு லிங்க் ஓபன் ஆகல. "சர்வர் பிரச்சனை சிஸ்டர், அக்கவுண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க, உங்களுக்காக டெலிவரி சார்ஜ் எடுத்துடறேன், இன்னைக்கே அனுப்பினாதான் உங்க ஃப்ளைட்டுக்கு முன்னாடி வரும்"னு சொன்னாங்க. 28,000 அனுப்பினேன். ரசீது வந்துச்சு, கூட ஒரு ஹார்ட் படம்.

வண்டி வந்தது கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம். பெட்டியைப் பாத்ததுமே பக்குனு ஆச்சு, அவ்ளோ பெருசு. டேப் எடுத்து அளந்தேன். மடிச்சா 78 × 62 × 38. வெயிட் மெஷின்ல வச்சா 14 கிலோவுக்கு மேல. அகலம் 82, எங்க லிஃப்ட் கதவு 80, உள்ளேயே போகல. பெல்ட் இடுப்புக்கும் காலுக்கும் மட்டும்தான், தோளுக்கு வர்ற பட்டையே கிடையாது. இஎன் 1888-னு சொன்னாங்களே, அந்த ஸ்டாண்டர்ட்ல செஞ்ச வண்டில அந்த நம்பரும் தயாரிச்சவங்க பேரும் வண்டியிலயே அழியாத மாதிரி இருக்கணும், இதுல தலைகீழா கவுத்துப் பாத்தும் ஒரு எழுத்து இல்ல.

உடனே கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு எடுக்கல, வேற ஒரு ஆள். "புதுசுல அப்படித்தான் இருக்கும் மேடம், நாலஞ்சு தடவை மடிச்சு விரிச்சா துணி அமுங்கி சைஸ் வந்துடும்." இரும்புக் குழாய் எப்படிங்க அமுங்கும்? கேட்டேன். "ஏர்போர்ட்ல யாரும் டேப் வச்சு அளக்க மாட்டாங்க மேடம், தைரியமா போங்க"ன்னு வச்சுட்டாங்க. அந்த நேரத்துக்கு வேற வண்டிக்கு எங்க போறது, அதையே எடுத்துட்டுப் போனேன்.

ஏர்போர்ட்ல நடந்ததுதான் என்னால இன்னும் மறக்க முடியல. சரிவுப் பாதைல ரெண்டு பேரையும் உக்கார வச்சுத் தள்ளிட்டு இறங்கறேன், நடுவுல ஒரு டக்னு சத்தம், வண்டி நடுவுல மடங்கப் பாக்குது. விரிச்ச வண்டி தானா மடங்காம இருக்க லாக் இருக்கணும் இல்லையா, அந்த லாக் விழுந்த மாதிரி காட்டுதே தவிர பிடிக்கவே இல்ல. பெரியவ கை நேரா அந்த ஓரத்து ஹிஞ்ச் (மடங்கற கீல்) மேல இருந்துச்சு. பின்னாடி வந்த ஒரு அம்மா பாய்ஞ்சு வந்து ஃப்ரேமைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்க இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கவே முடியல. 2009-ல ஒரு பேர்போன கம்பெனி அமெரிக்கால சுமார் பத்து லட்சம் ஸ்ட்ரோலரைத் திரும்பக் கூப்பிட்டாங்க, காரணம் இதே ஹிஞ்ச்தான், வண்டியை விரிக்கும்போது அதுல மாட்டி குழந்தைங்க விரல் நுனி துண்டான கேஸ் பன்னெண்டு. பேர் இருக்கற கம்பெனி வண்டிக்கே அந்தக் கதின்னா, யார் செஞ்சாங்கன்னே தெரியாத இந்த வண்டியை என் குழந்தைங்களுக்குக் கொடுத்து அனுப்பியிருக்காங்க. பணத்தை விட இதுக்குத்தான் எனக்கு ஆத்திரம்.

கேட்ல இதைப் பாத்ததுமே மேல வைக்க முடியாதுன்னுட்டாங்க, அவங்க மேல தப்பே இல்ல. டேக் போட்டு கீழ லக்கேஜ்ல போட்டாங்க. இறங்கும்போது ஃப்ளைட் வாசல்ல கிடைக்கும்னு நெனச்சா அங்க வரல, லக்கேஜ் பெல்ட்லதான் வரும்னாங்க. அவ்ளோ தூரம் ஒண்ணை இடுப்புல வச்சுக்கிட்டு ஒண்ணை இழுத்துக்கிட்டு நடந்தேன், ரெண்டும் அழுகை. பெல்ட்ல வந்தப்ப நடு வீல் தனியா தொங்குது. ஏர்லைன்ஸ் கவுண்டர்லயே டேமேஜ் ரிப்போர்ட் எழுதி காப்பி வாங்கிட்டேன்.

அதுல இருந்து ஆரம்பிச்சுது அலைக்கழிப்பு. முதல்ல "வீடியோ அனுப்புங்க"ன்னாங்க, அனுப்பினேன். "வெளிச்சம் பத்தல, திரும்ப அனுப்புங்க." அனுப்பினேன். "பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ கட் இல்லாம வேணும்"னாங்க. அதை முன்னாடி யாருமே சொல்லல, ரசீதுலயும் இல்ல. அப்புறம் "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க", யாரும் கூப்பிடல. நானே திரும்பக் கூப்பிட்டா "யூஸ் பண்ணின பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." யூஸ் பண்ணாம லாக் பிடிக்கலன்னு எப்படித் தெரியும்? சைஸ் பத்திக் கேட்டா "அளவுல ரெண்டு மூணு சென்டிமீட்டர் வித்தியாசம் வர்றது சகஜம் மேடம்." 55-க்கும் 78-க்கும் ரெண்டு மூணா? 23 செ.மீ! அதை எழுதி அனுப்பினேன், பாத்துட்டாங்க, பதில் இல்ல.

வீல் உடைஞ்சதைச் சொன்னதும் பிடிச்சுக்கிட்டாங்க. "அது ஏர்லைன்ஸ் பண்ணின டேமேஜ், அவங்க கிட்ட கேளுங்க." ஏர்லைன்ஸ் அவங்க பங்கைப் பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க, ஆனா லாக் இல்லாததும், பெல்ட் இல்லாததும், சைஸ் பொய்யும் ஏர்லைன்ஸ் பண்ணினதா? முந்தின நாளே அளந்து படத்தோட அனுப்பியிருக்கேன், தேதியோட சாட்ல இருக்கு. அதைக் காட்டினதும் அடுத்த கதை, வண்டியை என் செலவுல அவங்க குடோனுக்கு அனுப்பணுமாம், குடோன் வேற நாட்டுல இருக்காம், வந்து சேர்ந்தா "பரிசீலிப்போம்"னாங்க. கூரியர் சார்ஜ் விசாரிச்சா வண்டி விலையைத் தொடுது. விடாம கேட்டதுக்கு அடுத்த பர்ச்சேஸுக்கு 1,500 கழிச்சுக்கலாம்னு ஒரு கூப்பன் அனுப்பிச்சாங்க. 28,000 கொடுத்தவளுக்கு 1,500 கூப்பன், அதுவும் அவங்க கிட்டயே திரும்ப வாங்கறதுக்கு.

நேத்து அவங்க பேஜ்ல போய்ப் பாத்தேன். நான் போட்ட ரிவ்யூ இல்ல. அதே வண்டி அதே படத்தோட இன்னும் இருக்கு, ஆனா "கேபின் சைஸ்"ங்கறதை எடுத்துட்டு "ட்ராவல் ஃப்ரெண்ட்லி"ன்னு மாத்திட்டாங்க, மடிச்ச அளவையே காணோம். அப்ப நான் சொன்னது உண்மைன்னு அவங்களுக்கே தெரியும்தானே? பழைய பக்கத்தை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன், அவங்க "கேபின் சைஸ்"னு போட்டிருந்ததுக்கு அது ஒண்ணுதான் இப்ப கைல இருக்கற ஆதாரம். அதைக் காட்டி மெசேஜ் போட்டதும் என்னை ப்ளாக் பண்ணிட்டாங்க. வாய்ஸ் நோட் அனுப்பிச்ச பொண்ணு நம்பரும் போகல. பேங்க்ல கேட்டா, நீங்களே அனுப்பின ட்ரான்ஸ்ஃபர், கார்டுன்னா டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்க்ல போடற புகார்) போட்டிருக்கலாம், இதுல கம்ப்ளெயின்ட் பதிவு பண்றோம் ஆனா உறுதி சொல்ல முடியாதுங்கறாங்க. கார்டு லிங்க் ஏன் அன்னைக்கு மட்டும் ஓபன் ஆகலன்னு இப்ப புரியுது.

சரி, வாங்கப் போறவங்களுக்கு. நிறைய எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், சின்னவன் எழுந்துட்டான், அவசரமா சொல்றேன்.

டபுள் ஸ்ட்ரோலரை "கேபின் சைஸ்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, மேல ஏத்தறதா வேணாமாங்கறது கடைக்காரர் கைல இல்ல, ஏர்லைன்ஸ் கைல. டிக்கெட் போட்ட ஏர்லைன்ஸ் கிட்ட மடிச்ச அளவையும் வெயிட்டையும் சொல்லி எழுத்துல பதில் வாங்குங்க. பெரிய வண்டியை கேட் வரைக்கும் விடாம செக்-இன்லயே வாங்கிக்கற ஏர்லைன்ஸ் இருக்கு. இறங்கும்போது வாசல்ல தருவாங்களா பெல்ட்ல வருமான்னும் கேளுங்க, குழந்தையைக் கட்டிக்கற கேரியர் ஒண்ணு கண்டிப்பா கைல இருக்கட்டும்.

அளவு சொன்னா போதாது, டேப் வச்சு அளக்கற வீடியோ கேளுங்க, அதே வண்டிய. அகலம் 76 செ.மீ.க்குள்ள இருந்தா நல்லது. அமெரிக்கால இருக்கற டிஸ்னி பார்க்ல 2019 மே மாசத்துல இருந்து 31 இன்ச் அகலம், 52 இன்ச் நீளத்துக்கு மேல இருந்தா வண்டியை உள்ளயே விடறதில்ல. 31 இன்ச்னா 79 செ.மீ.தான், எனக்கு வந்த 82-ஐ எடுத்துட்டு அங்க போயிருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பாங்க.

லாக் விழுந்ததும் குழந்தையை உக்கார வைக்கறதுக்கு முன்னாடி கைப்பிடியை நல்லா அழுத்தி, ஆட்டிப் பாருங்க. மடிக்கும்போது குழந்தை பக்கத்துலயே இருக்கக் கூடாது. ஆறு மாசத்துக்குக் கீழ இருந்தா சீட்டு முழுசா படுக்கணும், பாதி சாயறது போதாது.

மூத்தது மூணு வயசைத் தாண்டிடுச்சுன்னா டபுளே வேணாம், ஒத்தை வண்டியும் பின்னாடி நின்னுட்டு வர்ற பலகையும் போதும், எனக்கு இதை யாராவது முன்னாடி சொல்லியிருந்தா 28,000 மிச்சம்.

லக்கேஜ்ல உடைஞ்சு வந்தா ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி ரிப்போர்ட் எழுதுங்க. இன்டர்நேஷனல் ஃப்ளைட்னா, அதுல நஷ்டம் ஆனா ஏர்லைன்ஸ் பொறுப்பு என்னன்னு சொல்ற மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள்ள எழுத்துல கொடுத்தாகணும், அதுக்கு மேல போனா கேக்கவே மாட்டாங்க.

கார்டுல மட்டும் கட்டுங்க. லிங்க் வேலை செய்யல ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்கன்னு சொன்னா சாட்டை மூடிட்டு வெளிய வந்துடுங்க, அவங்க எவ்ளோ அன்பா பேசினாலும் சரி. பணம் கட்டறதுக்கு முன்னாடியே விளம்பரப் பக்கம், சாட், வாய்ஸ் நோட் எல்லாத்தையும் சேவ் பண்ணி வச்சுக்கங்க.

வேற யாருக்காவது இதே மாதிரி வாய்ஸ் நோட், "எனக்கும் ரெண்டு குழந்தைங்க சிஸ்டர்"னு வந்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, கம்ப்ளெயின்ட்ல சேர்த்துக் கொடுக்கலாம்.