டொலமைட்டா, அடுப்புச் சாம்பலா?

நுவரெலியாப் பக்கம் லயத்துக்குப் பின்னால் கோவாவும் லீக்ஸும் போடுகிறவர்களுக்கு மண்ணின் புளிப்புதான் முதல் தலைவலி. தேயிலைக்கு அது தோது, பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செழிப்பாக வளரும். கோவாவுக்கோ 6க்கு மேல் வேண்டும். ஒரு எண் தானே என்று நினைக்காதீர்கள். 7 நடுநிலை, அதற்குக் கீழே ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும். 5, 6ஐ விடப் பத்து மடங்கு புளிப்பு.

சரி, எதைப் போட்டுச் சரிக்கட்டுவது?

சாம்பல் காசில்லாமல் கிடைக்கும், வேகமாகவும் வேலை செய்யும். அதிலுள்ள பொட்டாசியம் காபனேற்று தண்ணீரில் உடனே கரையும் காரம். ஈரக்கையால் அள்ளிப் பாருங்கள், சவர்க்காரம் போல வழுக்கும். ஆனால் விறகுக்கு விறகு வீரியம் மாறும், மழையிலும் கழுவிக்கொண்டு போகும். சல்பேட் ஒஃப் அமோனியா உரத்தோடு கலந்துவிட்டால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வரும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நைதரசன், காற்றோடு போகிறது.

டொலமைட், அதாவது சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு கல்லின் தூள், மெதுவானது. நடுவதற்குச் சில வாரம் முன்பே கொத்திக் கலக்க வேண்டும். ஆனால் நின்று வேலை செய்யும், கல்சியத்தோடு மக்னீசியமும் தரும். கவ்வாத்துக் காலத்தில், அதாவது செடியை வெட்டிக் குறைக்கும்போது, தேயிலை மலைக்கும் இதைத்தான் போடுகிறார்கள்.

என் பாத்திக்கு டொலமைட்தான். சாம்பல் கொஞ்சம் கீரைக்கு மட்டும்.