வீட்டுலயே பால் ஜாயிண்ட் மாத்துனேன், பிரஸ் கிட் எப்படி இருக்கு

வண்டி முன்பக்கம் சின்ன பள்ளத்துல இறங்குனாலே டொக்கு டொக்குன்னு சத்தம், டயர் உள்பக்கம் மட்டும் மழமழன்னு தேய்ஞ்சு போயிருந்துச்சு. லோயர் ஆர்முக்கு (சக்கரத்த சேஸிஸோட சேக்குற கீழ் கை) அடியில ஜாக்கி குடுத்து தூக்கி டயருக்கு கீழ கடப்பாரைய விட்டு நெம்பிப் பாத்தா பால் ஜாயிண்ட் (ஆர்மையும் சக்கர பக்கத்தையும் சேக்குற உருண்டை மூட்டு) கண்ணுக்கு தெரியுற மாதிரி மேலயும் கீழயும் ஆடுது, ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் இருக்க வேண்டிய எடத்துல மண்ணு. இத விட்டு வச்சா ஓடிட்டு இருக்கும்போதே ஸ்டட் (ஜாயிண்ட் உருண்டையில இருந்து நீட்டிட்டு இருக்குற தண்டு) கழண்டு சக்கரம் மடங்கிடும், அதனால தள்ளிப்போடாம உடனே இந்த சி பிரேம் பிரஸ் கிட்ட (C வடிவ சட்டம், ஸ்குரூ, கப்பு வச்சு ஜாயிண்ட்ட அழுத்தி வெளிய எடுக்குற, உள்ள ஏத்துற டூல்) வாங்கிட்டேன்.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க வண்டில ஜாயிண்ட் எப்படி மாட்டிருக்குன்னு குனிஞ்சு பாருங்க. போல்ட் போட்டதா இருந்தாலோ லோயர் ஆர்மோட சேர்ந்தே வர்றதா இருந்தாலோ இந்த கிட் உங்களுக்கு தேவையே இல்ல. என்னோடது ஆர்முக்குள்ள அழுத்தி ஏத்தி சர்க்ளிப் (கழண்டு வராம பிடிக்கிற வளையம்) போட்ட டைப்.

நக்கிள்ல (சக்கரம் மாட்டுற இரும்பு பாகம்) இருந்து ஸ்டட்ட பிரிக்கிற டூல் இந்த கிட்ல கெடையாது. நான் நட்ட முழுசா கழட்டாம சில மரை விட்டுட்டு, நக்கிளோட பக்கவாட்டுல பெரிய சுத்தியலால அடிச்சேன், அஞ்சாவது அடில டேப்பர் (ஸ்டட்டோட கூம்பு பாகம்) விட்டுடுச்சு. ஸ்பிரிங் அழுத்தம் லோயர் ஆர்ம் மேல இருக்குற வண்டின்னா ஆர்முக்கு கீழ ஜாக்கி கண்டிப்பா இருக்கணும், சேஸிஸுக்கு தனியா ஸ்டாண்டும் வேணும், ஆர்ம் சட்டுனு கீழ அடிச்சா கை போயிடும். ஜாக்கிய ஜாயிண்டுக்கு நேர் கீழ வைக்காம கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க, அப்பதான் பிரேம் நுழையும்.

பிரஸ் வேலை செய்யுற விதம் உண்மையிலயே அருமை. ஸ்குரூவ இறுக்க இறுக்க ஒன்னுமே அசையாத மாதிரி இருக்கும், திடீர்னு டங்குனு ஒரு சத்தம், ஆர்ம சுத்தி துரு பொடியா கொட்டும், அதுக்கப்புறம் ஜாயிண்ட் தன்னால கப்புக்குள்ள வந்து உக்காந்துக்கும். பிரேம் துளி கூட விரியல.

குறை ரெண்டு. ஸ்குரூ மரையில ஒரு சொட்டு கிரீஸ் இல்லாம காஞ்சு வந்துச்சு, அப்படியே இறுக்கினா மரை பிச்சுக்கும், நல்லா கிரீஸ் தடவிட்டு கையால நீள ஹேண்டில் போட்டு திருப்புங்க. ரெண்டாவது, கப்புல சைஸே போடல. வெர்னியர் வச்சு ஒவ்வொன்னா அளந்து எடுக்கவே அரை மணி நேரம் போச்சு. புதுசு ஏத்தும்போது கப்போட விளிம்பு ஜாயிண்டோட இரும்பு ஓரத்துல மட்டும் உக்காரணும், ரப்பர் பூட் மேலயோ மூடி மேலயோ பட்டா புது ஜாயிண்ட் அங்கயே காலி. ஆர்ம்ல இருக்குற ஓட்டைய ஒயர் பிரஷ்ஷால தேய்ச்சுட்டு நேரா ஆரம்பிங்க, லேசா சாஞ்சாலும் நிறுத்தி வெளிய எடுத்து மறுபடி வைங்க.

நட்ட மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்குன அப்புறம் ஸ்பிளிட் பின் (நட்டு கழலாம தடுக்குற பின்) ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி சேருங்க, தளர்த்தி மட்டும் சேக்காதீங்க. பின்னும் புதுசா போடுங்க.

முதல் பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆச்சு, அடுத்த பக்கம் அரை நாள்லயே முடிஞ்சுது. 5க்கு 4 குடுக்கலாம், கப்புல சைஸ் பொறிச்சிருந்தா அந்த ஒன்னையும் சேத்தே குடுத்திருப்பேன். அலைன்மென்ட் பாத்துட்டு அதே பள்ளத்துல இறக்கிப் பாத்தேன், டயர் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.