காலணா வாங்குகிறவர்களே, உஷார்! எனக்குப் போனது 18,500 ரூபாய்

பிரிட்டிஷ் காலத்துச் சில்லறைக் காசான காலணா, அதில் வெண்கலத்தில் ஆறு வாங்க 18,500 ரூபாய் கொடுத்தேன். அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வராது என்று இன்று காலை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். நான் வாங்கியது பழைய நாணயங்களை ஏலம் விடும் ஓர் ஆன்லைன் தளத்தில், அங்கே கடை போட்டிருக்கும் ஒரு வியாபாரியிடம். இதற்கு மேல் அடையாளம் சொல்லவில்லை.

ஏழாம் எட்வர்ட் தலை போட்ட 1906 முதல் 1910 வரை ஐந்து, ஐந்தாம் ஜார்ஜ் போட்ட 1911 ஒன்று. எல்லாமே 'யுஎன்சி ரெட்' என்று போட்டிருந்தார். புழக்கத்துக்கே போகாமல், அச்சடித்த அன்றைய செந்நிறம் மாறாமல் இருப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டிய வெண்கலத்தில் அது எவ்வளவு அரிது என்று சேகரிப்பவர்களுக்குத் தெரியும். பாதி பழுப்பேறினால் ரெட் பிரவுன், முழுக்கப் பழுப்பேறினால் பிரவுன். நிறம் ஒரு படி இறங்கினாலே விலையும் இறங்கிவிடும்.

வீடியோ காலில்தான் நான் விழுந்தேன். 1906-இல் காலணா செம்பிலும் உண்டு, வெண்கலத்திலும் உண்டு; செம்பு 6.47 கிராம், வெண்கலம் 4.86 கிராம். நான் கேட்காமலே அவர் தராசை எடுத்து வைத்து எடை காட்டினார். அப்புறம் 1911-ஐ எடுத்து, "மன்னர் அங்கியில இருக்கிற யானையப் பாருங்க சார், தும்பிக்கை குட்டையா பன்னி மாதிரி இருக்கா? அடுத்த வருஷமே திருத்திட்டாங்க, அதான் இதுக்கு மவுசு" என்றார். எல்லாம் சரியான தகவல். இவ்வளவு விவரம் தெரிந்த மனிதர், பொறுமையாகப் பேசுகிறார், யார்தான் நம்ப மாட்டார்கள்? அன்றைக்கே 18,500 அனுப்பினேன்.

வந்த காசு போலி இல்லை. அதுதான் இன்னும் வயிறு எரிகிறது. தேய்ந்துபோன சாதாரணக் காசுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்பியிருக்கிறார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள், எழுத்து இடுக்கில் பாலிஷ் பசை. எட்வர்டின் காதுக்கு மேல் முடிக்கோடுகளே இல்லை, மழுங்கிப்போயிருக்கிறது. அசல் லஸ்டர், அதாவது அச்சடித்தபோது வந்த பளபளப்பு, இருந்தால் காசைச் சாய்க்கும்போது ஒளி சக்கரம்போலச் சுற்றி வரும். இதில் ஒரே வெளிறிய ரோஜா நிறம், அசைவே இல்லை. 1911 மட்டும், காசின் தரத்தை (கிரேடு) மதிப்பிட்டுச் சான்று தரும் கிரேடிங் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் வந்தது. உறையில் இருந்த எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் வேறு ஏதோ நாட்டுக் காசு வருகிறது!

கேட்டதற்கு முதலில் "கேமரா வெளிச்சம் சார்" என்றார். அடுத்து "வெண்கலம்னா காத்து பட்டா நிறம் மாறத்தான் செய்யும்." பிறகு "நீங்க கவரைப் பிரிச்சுட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது." இப்போது போனே எடுப்பதில்லை. தளத்துக்குப் புகார் போட்டால், "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்" என்று ஒரே பதில், உடனே புகாரை மூடிவிடுகிறார்கள். மறுபடி போட்டேன், மறுபடி மூடினார்கள். 18,500 ரூபாய் அவர்களுக்கு ஒன்றுமில்லை போல. எனக்கு அது மாதக்கணக்கில் சேர்த்த பணம்.

விவரமாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். உறை எண்ணைப் பணம் கட்டுவதற்கு முன்பே சரிபாருங்கள், அங்கே வரும் படத்தோடு ஒப்பிடுங்கள். எடை சரியாக இருப்பதால் மட்டும் காசு அசல் என்று ஆகிவிடாது, கிரேடு சரி என்றும் அர்த்தமில்லை. பழைய காலணா பளபளவென்று இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். வீட்டில் இருக்கும் காசையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மதிப்பே போய்விடும். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.