நிகான் இசட் எஃப்சி-யா, இசட் 50-2-ஆ?

இரண்டு கேமராவிலும் படத்தைப் பதிவது 20.9 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி அளவு சென்சார்தான். நல்ல வெளிச்சத்தில், அசையாத பொருளை எடுத்தால் எது எதில் எடுத்த படம் என்று சொல்வது கஷ்டம்.

தோற்றம்: எஃப்சி (2021), பழைய எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் சாயல். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்), எக்ஸ்போஷர் திருத்தம் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது) மூன்றுக்கும் மேலேயே தனித்தனி டயல். திருகும்போது 'டிக் டிக்' என்று விழும் சுகமே தனி. 50-2 (2024) பார்க்க சாதாரணக் கறுப்பு கேமரா, அவ்வளவுதான்.

ஃபோகஸ்: நிஜமான இடைவெளி இங்கேதான். 50-2-இன் எக்ஸ்பீட் 7 சிப் மனிதர், பறவை, வண்டி, விமானம் என அடையாளம் கண்டு விடாமல் பின்தொடரும். எஃப்சி மனிதர், நாய், பூனையோடு நின்றுவிடும்.

எடை: எஃப்சி சுமார் 445 கிராம், மற்றது 550. ஆனால் எஃப்சி-யின் முன்பக்கம் தட்டை. கனமான லென்ஸ் மாட்டினால் விரல்கள் கெஞ்சும். தனி கிரிப் மாட்டலாம், அழகு கொஞ்சம் குறையும்.

ஃபிளாஷ்: 50-2-இல் உண்டு, எஃப்சி-யில் இல்லை.

சின்ன லென்ஸோடு நிதானமாகத் தெருவைப் படம்பிடிப்பவர் தயங்காமல் எஃப்சி எடுக்கலாம். ஓடும் குழந்தைகள், பறவைகள், விளையாட்டு என்றால் சரி, அழகை மறந்துவிட்டு 50-2.