கிளிநொச்சியில் ஒரு பிளாஸ்மா வகுப்பு: கொந்தளிப்பின் சக்தி எங்கே போய் முடிகிறது?

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியை ஒட்டி இயங்கும் தனியார் கல்வி நிலையமொன்று, உயர்தரப் பௌதிகவியலுக்கு அப்பாலும் கற்க விரும்புவோருக்காக வார இறுதி விரிவுரைத் தொடரொன்றை நடத்துகிறது. அதில் பிளாஸ்மாக் கொந்தளிப்பு, அதாவது மின்னேற்றத் துணிக்கைகளாலான வாயுவில் எழும் ஒழுங்கற்ற சுழிப்பு, பற்றிய பகுதியை அண்மையில் கேட்டு முடித்தேன். பரீட்சைக்கு உதவாத ஒரு விடயத்தை வன்னியில், தமிழிலேயே இவ்வளவு ஆழமாகக் கற்பிப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

சோவியத் கணிதவியலாளர் கொல்மகோரோவ் 1941 இல் முன்வைத்த கருத்திலிருந்து தொடங்குகிறார்கள். பெரிய சுழிகள் உடைந்து சிறிய சுழிகளாகும்போது சக்தி இடைவழியில் வெப்பமாகாமல் கீழிறங்குகிறது. எந்த அளவுச் சுழியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைக் காட்டும் நிறமாலை, அலையெண்ணின் (சுழி சிறுக்கச் சிறுக்க இது கூடும்) −5/3 அடுக்கில் சரிகிறது. இரணைமடுக் குளத்து நீர் பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால்களுக்குப் பிரிந்து வயலைச் சேர்வதை விரிவுரையாளர் இதற்கு உவமையாகச் சொன்னபோது, வகுப்பிலிருந்த கமக்காரப் பிள்ளைகளுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை.

இத்தொடரின் உண்மையான பெறுமதி அதற்கடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. நீரிலும் வளியிலும் கடைசிச் சுழியின் சக்தியைப் பாய்மத்தின் உள் உராய்வான பிசுக்குமை வெப்பமாக்கிவிடும். சூரியனிலிருந்து ஓயாது வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றிலோ துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. புவிக்கருகில் ஒரு புரோத்தன் மோதலின்றிச் செல்லும் சராசரித் தூரம், ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றரான சூரிய-புவித் தூரத்தோடு ஒப்பிடத்தக்கது. அப்படியிருந்தும், விரிவடைந்து செல்லும் அந்தக் காற்று எதிர்பார்க்கப்படும் அளவுக்குக் குளிர்வதில்லை என்பதை 1970களில் ஏவப்பட்ட ஹீலியோஸ் விண்கலங்களின் அளவீடுகள் காட்டின. அப்படியானால் அதனைச் சூடாக்குவது எது? சுழிகளின் அளவு நூறு கிலோமீற்றர் அளவிலான புரோத்தன் சுழல் ஆரையை (காந்தப்புலக் கோட்டைச் சுற்றிப் புரோத்தன் சுழலும் வட்டத்தின் ஆரையை) அண்மித்ததும் நிறமாலை திடீரெனச் செங்குத்தாவதை வரைபடத்தில் காட்டி, அலையின் வேகத்தோடு ஒத்தோடும் துணிக்கைகள் அதன் சக்தியை உறிஞ்சும் லண்டோ தணிப்பு, அயன்களின் சுழற்சியோடு அலை ஒத்திசைதல், மெல்லிய மின்னோட்டத் தாள்களில் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீளிணைதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீராத வினா என்று சொல்லி, 2015 இல் ஏவப்பட்ட நாசாவின் எம்எம்எஸ் திட்டத்தின் நான்கு விண்கலங்கள் புவிக் காந்தவெளியருகே அதற்கு விடை தேடும் முறையை விளக்கிய மாலையே தொடரின் உச்சம்.

குறையும் உண்டு, அது சிறியதல்ல. காந்தப்புலம் திசையொன்றைத் தெரிந்தெடுத்துவிடுவதால், சுழிகள் புலத்துக்குக் குறுக்காகவே வேகமாகச் சிறுத்து, அதன் நெடுக்கே நீண்டுபோகின்றன. பிளாஸ்மாக் கொந்தளிப்பு நீரின் கொந்தளிப்பிலிருந்து வேறுபடும் அடிப்படையே இதுதான். காந்தப்புலமுள்ள கொந்தளிப்புக்கு 1965 இல் கிரைக்னன் தந்த −3/2 அடுக்கையும், அலை புலத்தின் நெடுக்கே ஓடும் நேரமும் சுழி குறுக்கே உடையும் நேரமும் ஏறத்தாழச் சமம் என 1995 இல் கோல்ட்றைக்கும் சிறீதரும் வகுத்த சமநிலை நிபந்தனையையும் ஒரே மாலைக்குள் அடக்கியதால் இந்த வேறுபாடு பலருக்கும் பிடிபடவில்லை. 2018 இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு அருகில் −3/2 க்கு நெருங்கிய சரிவையே கண்டது என்ற செய்தியும் அதனால் காரணம் விளங்காத தகவலாகவே நின்றுவிட்டது. முதல் வாரங்களில் நீரியக்கத்துக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதியை இங்கே திருப்பியிருக்கலாம்.

அச்சிட்டுத் தரும் குறிப்பேடு தெளிவான தமிழில் இருக்கிறது. வரைபடங்கள்தான் மிகச் சிறியவை. கட்டணம் நியாயமானது. முல்லைத்தீவு, மாங்குளம் பக்கமிருந்து வருவோர் கடைசிப் பேருந்தைத் தவறவிடாதபடி வகுப்பை நேரத்துக்கு முடித்துவிடுகிறார்கள். சேர எண்ணுபவர்கள் காவிகளையும் எளிய வகையீட்டுச் சமன்பாடுகளையும் முன்கூட்டியே மீட்டுக்கொண்டு போவது நல்லது. இரண்டாம் வாரத்திலிருந்தே அவை தேவைப்படும்.