களிமண்ணுக்கு எந்த வண்டி? எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் 411, ஹிமாலயன் 450: வீட்டிலேயே பராமரிப்பவர்களுக்கான ஒப்பீடு

ஹீரோ எக்ஸ்பல்ஸ், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411, ஹிமாலயன் 450 என்ற இந்த மூன்று பைக்குகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு லடாக்குக்குப் போய்விடுகிறது. கல்லணைக்குக் கிழக்கே குடியிருக்கும் நமக்கு லடாக் வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது. மீதி நாளெல்லாம் அதே வண்டி ஓடப்போவது வெண்ணாற்றங்கரையிலும் வாய்க்கால் கரை மண்பாதையிலும்தான். இங்கே பாறை கிடையாது. வண்டியைத் தின்பது வேறு சமாச்சாரங்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, சேடை ஓட்டிய (நடவுக்கு வயலைச் சேறாக உழுத) டிராக்டர் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறும்போது உதிர்த்துவிட்டுப் போகும் களிமண் முதலாவது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசியில் ரோட்டில் காயும் நெல், வைக்கோல் தூசு, பதர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் வருடம் முழுக்க உப்புக் காற்று.

சர்வீஸ் சென்டர் இருக்கும் ஊருக்குப் போய் வர அரை நாள் போய்விடும் என்பது டெல்டாவில் பலருடைய நிலைமை. அதனால் எது வேகம், எது அழகு என்பதை ஒதுக்கிவிடுகிறேன். நம் வீட்டுக் கொட்டகையில் நம் கையாலேயே எதைத் திறந்து மூட முடியும் என்பதுதான் நான் பார்க்கும் கணக்கு.

விவரம் சுருக்கமாக: ஹிமாலயன் 411 முதலில் வந்தது 2016-ல். காற்றாலும் ஆயிலாலும் குளிரும் எஞ்சின், 32 நியூட்டன் மீட்டர் டார்க், பிஎஸ் 6 வண்டியின் எடை 199 கிலோ. இப்போது செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். அதன் இடத்தில் 2023 நவம்பரில் வந்த 450-க்கு 452 சிசி, ரேடியேட்டர் வைத்த எஞ்சின், சுமார் 40 குதிரைசக்தி, 196 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வந்தது 2021-ல், 199.6 சிசி, சுமார் 19 குதிரைசக்தி, 158 கிலோ. மூன்றுக்கும் முன் சக்கரம் 21 இஞ்ச். பின் சக்கரம் எக்ஸ்பல்ஸுக்கு 18, மற்ற இரண்டுக்கும் 17.

இதில் நான் முதலில் பார்க்கிற எண் எடைதான். மழை நாளில் வாய்க்கால் கரையில் பின் சக்கரம் வழுக்கி வண்டி சரிவில் படுத்துவிட்டால், எக்ஸ்பல்ஸைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்திவிடலாம். இரண்டு ஹிமாலயனும் கிட்டத்தட்ட 40 கிலோ கூடுதல். சேற்றில் கால் ஊன்ற இடமில்லாதபோது பக்கத்து வயலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியதுதான்.

எஞ்சின்

411-லும் எக்ஸ்பல்ஸிலும் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்வது பழைய முறை: திருகு, லாக் நட். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் ஒன்று, சரியான ரிங் ஸ்பேனர், மேனுவலில் உள்ள அளவு, ஞாயிற்றுக்கிழமை காலை. இவ்வளவு இருந்தால் போதும். ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கேபிள் எல்லாம் சொந்தக் கையில் முடிகிற வேலை.

450 அப்படியில்லை. வால்வுகளைத் திறக்க இரண்டு கேம்ஷாஃப்ட், எலெக்ட்ரானிக் த்ராட்டில். ஓட்டுவதற்கு மூன்றிலும் அதுதான் அருமை; விக்கிரவாண்டி தாண்டி நாலு வழிச்சாலையில் சென்னைக்குப் போகும்போது மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வால்வு வேலை வந்தால் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள். நம் பங்குக்கு மிஞ்சுவது ஆயில், ஏர் ஃபில்டர், செயின், பிரேக் பேட், அப்புறம் ரேடியேட்டர். அறுவடைக் காலத்தில் ரேடியேட்டர் இடுக்குகளில் வைக்கோல் துணுக்கு அடைத்து, அதன் மேல் சேறு தெறித்துக் காய்ந்துவிடும். பின்பக்கமிருந்து குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கூலண்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும்.

எக்ஸ்பல்ஸ் 4வி-யிலும் 411-லும் ஆயில் கூலர் இருக்கிறது, அதையும் இப்படித்தான் கழுவ வேண்டும். 2025-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-லும் ரேடியேட்டர் உண்டு.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே அறிவுரை: மேனுவல் சொல்லும் கிலோமீட்டரை நெல் காயும் ஊரில் நம்பாதீர்கள். அறுவடை முடிந்ததும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். வண்டி வாங்குவதற்கு முன்பே, ஃபில்டரை எட்ட எத்தனை போல்ட் கழற்ற வேண்டும் என்று கடையில் கேட்டுச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

செயின்

பராமரிப்பில் பாதி நேரம் செயினுக்குத்தான் போகும். இங்கே 411-க்கு ஒரு பெரிய சாதகம், சென்டர் ஸ்டாண்ட் கூடவே வருகிறது. எக்ஸ்பல்ஸில் கிடையாது. வெளியில் வாங்கி மாட்டலாம், ஆனால் எடையும் கூடும், அடியில் தொங்கிக்கொண்டு கரையில் ஏறும்போது இடிக்கவும் செய்யும். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டான பேடாக் ஸ்டாண்ட் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மண் தரையாக இருந்தால் அடியில் கனமான பலகை போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் இறங்கி வண்டி சாய்ந்துவிடும்.

சேறு காய்வதற்குள் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும். காய்ந்த களிமண்ணைச் சுரண்டப் போனால் செயின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் கிழியும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோல் வேண்டாம், அது ரப்பரைக் கெடுக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுழலும் செயினில் துணி வைத்துத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் போய்விடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

செயின் ஸ்பிரேயா, 90 நம்பர் கியர் ஆயிலா என்ற சண்டைக்கு டெல்டாவில் பருவத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மழைக்காலத்தில் ஸ்பிரே. ஒட்டிக்கொண்டு நிற்கும், தண்ணீர் எளிதில் அடித்துப் போகாது. அதே ஒட்டும் குணம்தான் தை, மாசியில் பகை. பதரும் தூசும் அதில் படிந்து செயினையும் ஸ்பிராக்கெட்டையும் அரைக்கும். அப்போது 90 ஆயிலை மெல்லிசாகத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். விலையும் குறைவு, எந்த ஆயில் கடையிலும் கிடைக்கும்.

சக்கரம், தண்ணீர்

சீமைக் கருவேல முள் இல்லாத கரை எது? எக்ஸ்பல்ஸும் 411-ம் டியூப் டயர். ஊர்ப் பஞ்சர் கடையில் ஒட்டித் தருவார்கள், ஆனால் டியூபே கிழிந்துவிட்டால் 21 இஞ்ச் டியூப் அங்கே இருக்காது. ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருங்கள். அவசரத்துக்கு அதையே மடித்துப் பின் சக்கரத்திலும் போட்டு வீடு வந்து சேரலாம், திரும்பவும் அப்படியே ஓட்டக் கூடாது. 450-க்கு டியூப்லெஸ் ஸ்போக் வீல் 2024-லிருந்து கிடைக்கிறது. முள் குத்தினால் டயரைக் கழற்றாமலே ஓட்டையில் ரப்பர் பிளக் அடித்து, சின்ன கம்ப்ரஸரில் காற்று ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் 450 மற்ற இரண்டையும் தெளிவாக வெல்கிறது.

தண்ணீரில் இறங்கும்போது சைலன்சர் மூழ்குவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது காற்று உள்ளே போகும் வாய்க்குத்தான். எஞ்சின் தண்ணீர் குடித்து நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் மூன்று வண்டிக்கும் வீல் பேரிங், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட் ஆகியவற்றைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைப்பது, எந்தப் புது பாகம் மாட்டுவதை விடவும் பலன் தரும். செகண்ட் ஹேண்ட் 411 பார்க்கப் போனால் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் மாட்டி நின்றால் கோன்செட் போய்விட்டது, அதை விலையில் பேசிக் குறைக்கலாம்.

என்னென்ன மாட்டலாம்

கடைக்காரர் முதலில் காட்டுவது பேஷ் பிளேட், எஞ்சினுக்கு அடியில் மாட்டும் பாதுகாப்புத் தகடு. கல்லே இல்லாத ஊரில் அது கடைசி வேலை. எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஈரக் களிமண் தங்கி போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மாட்டியே தீர வேண்டுமென்றால் அலுமினியம் வாங்கி, வடிகால் ஓட்டை போடுங்கள். முதல் செலவு மட்கார்டுக்குப் போகட்டும். 411-ல் சக்கரத்தை ஒட்டி இன்னொரு மட்கார்டு இருக்கிறது, களிமண் அதில் அடைத்துச் சக்கரத்தையே பிடிக்கும். சேடைக் காலத்தில் அதைக் கழற்றிவிடுவது நல்லது. எக்ஸ்பல்ஸின் உயர்ந்த மட்கார்டு இங்கே பிரமாதம். ஆனால் சேறு ஆயில் கூலர் பக்கம் தெறிக்கும், ஒரு வலைத் தகடு மாட்டிவிடுங்கள்.

விளக்கு: 411-ல் எச்4 ஹாலஜன் பல்பு. வெளிச்சம் போதாது, ஆனால் எந்த ஊரிலும் பல்பு கிடைக்கும், கையாலேயே மாற்றலாம். மற்ற இரண்டிலும் எல்இடி. போனால் மொத்த யூனிட்டும் மாற்ற வேண்டும். கூடுதல் விளக்கு எதில் போட்டாலும் ரிலே, ஃப்யூஸ் இல்லாமல் போடாதீர்கள். இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும், சூடாக்கினால் சுருங்கி ஒயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் வாங்குங்கள். கும்மிருட்டான கிராம ரோட்டில் எதிரே சைக்கிளில் வருபவர் கண் கூசாத மாதிரி விளக்கைக் கீழே சாய்த்து வையுங்கள்.

லக்கேஜ் ஃபிரேமுக்கு மன்னார்குடி, பட்டுக்கோட்டை மாதிரி ஊர்களில் டிராக்டர் வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறைகளே போதும். ஒரே நிபந்தனை, வண்டியின் மேல் வைத்து வெல்டிங் அடிக்க விடாதீர்கள். அளவெடுத்து, கழற்றி, தனியாக அடிக்கட்டும். வெல்டிங் மின்சாரம் பாய்ந்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ போனால் செலவு ஃபிரேமைப் போலப் பல மடங்கு.

சைலன்சர் மாற்றுவதையும் எஞ்சினைப் பெரிதாக்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது.

எது எனக்குச் சரி?

தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி வட்டாரத்தில் இருந்துகொண்டு, ஸ்பேனர் பிடிப்பதில் ஆசை உள்ளவருக்கு எக்ஸ்பல்ஸ் 200 4வி என்பதுதான் என் முடிவு. எடை, எளிமை, விலை மூன்றும் சேர்ந்து வருகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம் என்று ஜிஎஸ்டி பிரிந்த பிறகு 450-க்கும் இதற்கும் இடையே இடைவெளி இன்னும் கூடிவிட்டது. மனைவி, சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர், வீட்டிலும் வேலை பார்க்க வேண்டுமென்றால், நன்றாக வைத்திருந்த 411-ஐத் தேடிப் பிடிக்கலாம். 450 அருமையான வண்டி, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருந்தால்.

கடலோரம் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில் சொல்வேன். கோடியக்கரை, வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் ஸ்போக் துருப்பிடிப்பது ஓயாத வேலை. கழுவலாம் என்றால் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. குடிதண்ணீரில் கடைசியாக ஒரு அலசு அலசினால்தான் பயன். அங்கே 2022-ல் வந்த சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸைப் பாருங்கள். 249 சிசி, ஆயிலால் குளிரும் எஞ்சின், 167 கிலோ, அலாய் வீல், டியூப்லெஸ் டயர். முன் சக்கரம் 19 இஞ்ச், தரையிலிருந்து உயரம் 205 மில்லிமீட்டர் என்பதால் ஆழமான சேற்றில் எக்ஸ்பல்ஸ் அளவுக்குப் போகாது. ஆனால் துருப்பிடிக்க ஸ்போக்கே கிடையாது. போல்ட் எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டும்போது மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள், ஒயர் கப்ளர்களில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வையுங்கள். அடுத்த வருடம் அதே போல்ட் ஸ்பேனர் வைத்ததும் கழன்று வரும்.